கேத்தல் போடுற "டக்"

விடுதி அறையில் நாங்கள் நாலு பேர். மஸ்கெலியா, பொகவந்தலாவ, ஹட்டன், நுவரெலியா என்று எல்லாருமே தோட்டத்துப் பிள்ளைகள். நாலு பேரும் கலைப்பீடம். விரும்பித்தான் எடுத்தீங்களா என்று கேட்டால் சிரித்துவிடுவோம். நாங்கள் படித்த பாடசாலைகளில் உயர்தரத்துக்கு விஞ்ஞானப் பிரிவே இருக்கவில்லை.

போன பரீட்சை நேரம் எங்கள் கேத்தல் பழுதாகிவிட்டது. தண்ணி கொதித்துக்கொண்டே இருக்கும், அந்த "டக்" சத்தம் மட்டும் வராது. லீவுக்குப் போனபோது எங்களில் ஒருத்தியின் அப்பாவிடம் கொடுத்தோம். ஸ்டோரில் ட்ரையர் பக்கத்திலேயே முப்பது வருசம் நின்றவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர்.

கழற்றி, குத்தி மாதிரி ஒரு சின்னத் தகட்டைக் காட்டினார். "இது ஒண்ணு இல்ல புள்ள, ரெண்டு. வேற வேற உலோகத்த ஒட்டியிருக்கு. சூடு பட்டா ஒண்ணு கூட நீளும், மத்தது கொஞ்சமாத்தான் நீளும். பிரியவும் ஏலாது. அப்ப என்ன செய்யும்? வளையும். ட்ரையர்ல இருக்கிற தெர்மாமீட்டர் முள்ளும் இப்பிடித்தான் சுத்துது." தகடு நல்லாத்தான் இருந்தது. அதுக்கு நீராவி வருகிற ஓட்டைதான் அடைபட்டிருந்தது.

பிறகு நாங்களும் தேடிப் படித்தோம். ஒரு மீட்டர் பித்தளையை 100 பாகை சூடாக்கினால் ஏறக்குறைய 1.9 மில்லிமீட்டர் நீளுமாம். உருக்கு 1.2 தான். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, ஆனால் மெல்லிய தகடாக ஒட்டிவிட்டால் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வளையும். பித்தளை வெளிப்பக்கம் நிற்கும். குளிர்ந்தால் மறுபக்கம். கேத்தலில் இருப்பது முதலே குழிவாகச் செய்த தகடு. அதனால் மெதுவாக வளையாமல், குறித்த சூட்டில் சட்டென்று புரளும். அதுதான் "டக்". 1759இல் ஜோன் ஹரிசன் முடித்த கப்பல் கடிகாரத்திலும் இதே தகடு இருக்கிறது. படித்துப் பட்டம் வாங்கிய ஆள் இல்லை, தச்சு வேலைக்காரர்.

அப்பாவிடம் சொன்னோம். "அதுக்குப் பேரு என்ன?" என்று கேட்டார். "ஈருலோகத் தகடு." ஒருதரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். முப்பது வருசம் தெரிந்த சாமானுக்கு அன்றைக்குத்தான் பெயர் கிடைத்தது. எங்களுக்கோ கொஞ்சம் வெட்கமாக இருந்தது. விஞ்ஞானம் நமக்குச் சரிவராது என்று இவ்வளவு நாளும் நாங்களே சொல்லிக்கொண்டு திரிந்தோமே.

அவருடைய சின்ன மகள் இப்போது சாதாரண தரம் எழுதிவிட்டு இருக்கிறாள். பௌதிகவியல் படிக்க ஆசை. அதுக்கு டவுன் பாடசாலைக்குத்தான் போகணும், விடிய முதல் பஸ் பிடிக்கணும். அம்மா தயங்குகிறார். அப்பா "போகட்டும்" என்றார்.

பஸ் காசுக்கு மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் போடுவதென்று நாங்கள் நாலு பேரும் பேசி வைத்திருக்கிறோம்.