அம்முச்சி வீட்டு நீலத் தட்டு

பழைய பீங்கான் எதைப் பாத்தாலும் முதல்ல கவுத்துப் பாருங்க மக்களே. பூவும் கொடியும்தான் முன்பக்கம். ஜாதகம் பூரா பின்பக்கம் :-)

இதையெல்லாம் நான் தேடிப் படிச்சதுக்குக் காரணம் எங்க மாமா. பொள்ளாச்சியில அம்முச்சி வீட்டுல, முட்டை வடிவத்துல, நீலப் பூப்போட்ட பெரிய தட்டு ஒண்ணு இருக்கு. வால்பாறை எஸ்டேட் துரை ஒருத்தர் ஊருக்குக் கிளம்பறப்போ வித்த சாமான்கள்ல அப்புச்சி வாங்கினது. "கும்பினி காலத்துத் தட்டு, 200 வருஷம், லட்சத்துக்குப் போகும்"னு யாரோ மாமா காதுல ஓதிட்டாங்க. அம்முச்சிக்கு விக்க மனசில்லை.

சரி, கவுத்துப் பாத்துடலாம்னு உக்காந்தேன்.

முதல்ல, அந்தப் பூ கையால வரைஞ்சது இல்லை. செப்புத் தகட்டுல செதுக்கி, மை தடவி, மெல்லிசு காயிதத்துல ஒத்தியெடுத்து, அந்தக் காயிதத்தைத் தட்டு மேல அழுத்துவாங்க. அப்புறம் காயிதத்தைக் கழுவிட்டு மேல கண்ணாடிப் பூச்சு. இங்கிலாந்துல 1750கள்லயே வந்துட்ட முறை. கரையில ஒரு இடத்துல கொடி சரியா சேராம வெட்டுப்பட்டு நிக்குது பாருங்க, அது காயிதம் ஒட்டின இடம்.

அடுத்து முத்திரை. அதுல 'இங்கிலாந்து'ன்னு இருக்கு. எந்த நாட்டுச் சரக்குன்னு பொருள் மேல போட்டே ஆகணும்னு அமெரிக்கா போட்ட வரிச்சட்டம் 1891ல அமலாச்சு. நாட்டுப் பேரைப் போடறது அதுக்கப்புறம்தான் பரவலான வழக்கமாச்சு.

கூடவே ஒரு ஆர்.டி. நம்பர். பிரிட்டன்ல டிசைன்களைப் பதிஞ்சு, 1884ல ஒண்ணுல ஆரம்பிச்சு வரிசையா குடுத்த எண். நம்ம தட்டுல 4,30,000 சொச்சம். அப்படின்னா 1904. அது டிசைன் பதிஞ்ச வருஷம். தட்டு அதுக்குப் பின்னாடி எப்ப வேணா சூளைக்குப் போயிருக்கலாம், முன்னாடி போயிருக்க முடியாது. கும்பினி ஆட்சி 1858லயே முடிஞ்சுபோச்சே! மாமாவோட லட்சம் அங்கயே காலி.

இனி, எதுக்கான தட்டு? நடுவுல மரக்கிளை மாதிரி வாய்க்கால்கள், ஒரு கோடியில குழி. துரைமார் வீட்டுல சுட்ட மாட்டிறைச்சியை முழுசா வச்சு அறுக்கறப்போ சாறு வடிஞ்சு குழியில சேரும். கரண்டியில அள்ளி ஊத்திக்குவாங்க.

இங்கதான் எனக்குத் தொண்டை அடைச்சுது. அம்முச்சி முட்டை கூடத் தொடாதவங்க. நோம்பின்னா அந்தத் தட்டுலதான் ஒப்பிட்டு அடுக்குவாங்க. மேல ஊத்தின நெய் கிளை கிளையா ஓடிக் குழியில நிக்கும். நாங்க பேரன் பேத்தியெல்லாம் அந்தக் குழிக்குத்தான் அடிச்சுக்குவோம்.

மறைக்கத் தோணலை. சொல்லிட்டேன். அம்முச்சி கொஞ்ச நேரம் தட்டையே பாத்தாங்க.

"மண்ணுல சுட்டதுதான கண்ணு. அவிய சாறு வடிச்சாங்க, நாம நெய் வடிச்சோம். கழுவி வெச்சாப் போச்சு."

மாமா அதுக்கப்புறம் விக்கற பேச்சையே எடுக்கலை.