பல் தேய்ந்ததற்குக் கேட்டையே மாற்றுவதா?

ஆட்டோகேட் பழுதுபார்ப்பவரின் வேனுக்குள் முதலில் கண்ணில் பட்டது ஒரு பெரிய சாவிக்கொத்து. கரண்ட் போனால் மோட்டாரின் பிடியை விடுவித்துக் கேட்டைக் கையால் தள்ளுவதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு சாவி கொடுக்கிறது. ஒன்றுக்கு முக்கோண மூக்கு, இன்னொன்றுக்குத் தட்டை மூக்கு, வேறொன்றுக்கு ஆறு மூலை. ஒன்றின் சாவி மற்றொன்றில் நுழையாது. வீட்டுக்காரர்கள் அதை எங்கோ பத்திரமாக வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். மழைநாளில் கரண்ட் போய், வேலைக்குக் கிளம்பிய காடி வாசலுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்போதுதான் அதன் ஞாபகம் வருகிறது.

"கழிச்சுப் போடுற மோட்டாரை அப்படியே தூக்கிப் போட மாட்டேண்ணே. சாவி, கவர், ஸ்க்ரூ எல்லாம் எடுத்து வச்சுக்குவேன். கம்பெனி மூடிப்போன மாடலுக்குக்கூட எங்கிட்ட சாவி இருக்கு" என்றார் அவர்.

நான் அவரைத் தேடிப் போகக் காரணம் என் வீட்டுக் கேட். ஏப்ரல் மாத இடிமழை ஒன்றில் அதன் கண்ட்ரோல் போர்டு எரிந்துபோனது. விற்ற கடையில் விசாரித்தேன். அந்த மாடல் இப்போது வருவதில்லை, போர்டு தனியாகக் கிடைக்காது, மொத்தச் செட்டையும் மாற்றவேண்டும் என்றார்கள். ஈராயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும். மோட்டார்கள் இரண்டும் நல்ல நிலையில் இருந்தன. உள்ளங்கை அகலப் போர்டு ஒன்றுக்காக நல்ல இரும்பையும் செம்பையும் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. தெரிந்தவர்கள் குளுகோரில் இருக்கும் இந்தத் தமிழரிடம் அனுப்பினார்கள். என் கேட் சரியான பிறகும், இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று பார்க்கும் ஆசையில் அவருடைய வேனில் ஏறிக்கொண்டேன்.

பினாங்கில் வரிசை வீட்டுத் தெரு ஒன்றில் நடந்தால் ஆட்டோகேட் இல்லாத வீட்டைத்தான் எண்ணவேண்டியிருக்கும். ஆயர் ஈத்தாம், ஜெலுத்தோங், பாயான் பாரு, கடல் தாண்டிப் பிறை, பட்டர்வொர்த் என எங்கும் இதே நிலைதான். இரட்டைக் கதவை இழுத்துத் திறக்கும் கைமோட்டார், தண்டவாளத்தில் ஓடும் கேட்டுக்கு ஓரமாக உட்காரும் மோட்டார், மடிப்புக் கேட்டுக்கு வேறொன்று. இவற்றை மாட்டுவதற்கு ஆள் நிறைய. கழற்றிச் சரிபார்க்கத்தான் ஆள் குறைவு.

வேலை தொடங்கும் முன் அவர் இரண்டு காரியம் செய்கிறார். வீட்டு மெயின் பெட்டியில் கேட்டுக்கான சுவிட்சை அணைக்கிறார். பிறகு போர்டுப் பெட்டிக்குள் இருக்கும் பேட்டரி வயரையும் கழற்றுகிறார். கரண்டை அணைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் கை வைப்பவர்கள் இந்தப் பேட்டரியை மறந்துவிடுகிறார்கள். யாராவது வீட்டுக்குள்ளிருந்து ரிமோட்டை அழுத்தினால் போதும், மோட்டார் விரலைப் பிடித்துக்கொள்ளும். சொந்தமாகப் பெட்டியைத் திறக்க நினைக்கும் எவரும் முதலில் மனத்தில் நிறுத்தவேண்டியது இதைத்தான்.

அந்தப் பேட்டரி 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி. வீட்டு அலாரத்திலும் கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸிலும் இருப்பது இதே அளவுதான். எந்த மின்சாமான் கடையிலும் கிடைக்கும். ஓடும் கேட்டின் அடியில் பொருத்தும் பல்சட்டத்திலும் இதே வசதி உண்டு. பெரும்பாலும் அது 4 மாட்யூல் அளவு. பல்லுக்குப் பல் 12.57 மில்லிமீட்டர். இத்தாலி மோட்டாரானாலும் சீன மோட்டாரானாலும் அதே சட்டத்தில் கடித்து ஓடும். மோட்டாருக்குள் இருக்கும் பேரிங்கில் 6202 என்று எண் இருந்தால் உள் விட்டம் 15, வெளி விட்டம் 35, தடிப்பு 11 மில்லிமீட்டர். உலகத்தில் எங்கே வாங்கினாலும் இதே அளவுதான். இந்தச் சாமான்கள் தேய்ந்தால் கடைக்குப் போய் எண்ணைச் சொல்லி வாங்கி வந்துவிடலாம். யாருடைய தயவும் தேவையில்லை.

சிக்கல் மற்ற மூன்றில் இருக்கிறது: போர்டு, நைலான் பல்சக்கரம், ரிமோட். கம்பெனிகள் பூட்டிவைப்பது இந்த மூன்றையும்தான்.

முதலில் போர்டு. மலேசியா உலகத்திலேயே மின்னல் அதிகம் விழும் நாடுகளில் ஒன்று. கேட் பெட்டி வாசலில் வெட்டவெளியில் நிற்கிறது. அதிலிருந்து வீட்டு மெயின் பெட்டிவரை நீளமான வயர் போகிறது. பக்கத்தில் இடி விழுந்தால் அந்த வயர் வழியாக அதிர்ச்சி பாய்ந்துவரும். அது போதாதென்று, பெட்டிக்குள்ளே இதமான சூடு தேடி எறும்பு கூடு கட்டும். பல்லி ஏறிப் போர்டின் மேல் படுத்துக் கருகிக் கிடக்கும். அவர் பெட்டி திறக்கும்போதெல்லாம் டார்ச் அடித்து முதலில் பார்ப்பது பல்லியைத்தான்.

அவருடைய மேசைக்கு மேலே விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடி தொங்குகிறது. வெடித்த வாரிஸ்டரைக் கழற்றுகிறார், கருகிய ரிலேயை உருவுகிறார், தாமிரக் கோடு அறுந்த இடத்தில் மெல்லிய கம்பி வைத்துப் பற்றவைக்கிறார். கை நடுங்குவதே இல்லை. இந்தக் கைத்திறன் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பாயான் லெப்பாஸில் ஒரு பேக்டரியில் ரீவொர்க் பிரிவில் பல வருடம் இருந்தாராம். 1972இல் அந்தத் தடையற்ற வாணிப வட்டாரம் திறந்தபோது இன்டெல் உள்ளிட்ட மின்னியல் கம்பெனிகள் வந்திறங்கின. தோட்டங்களிலிருந்தும் கம்பங்களிலிருந்தும் வந்த பிள்ளைகள் அங்கே பூதக்கண்ணாடிக்குக் கீழே உட்கார்ந்து வேலை கற்றார்கள். அந்தத் தலைமுறைகளின் பயிற்சி இன்று பினாங்கு வீடுகளின் வாசலில் உழைத்துக்கொண்டிருக்கிறது என்பதை நான் அன்றுதான் உணர்ந்தேன்.

ஆனால் எந்தக் கைத்திறனும் ஒரு இடத்தில் முட்டி நிற்கிறது. போர்டின் நடுவில் இருக்கும் முக்கியமான சிப்பின் எண்ணைச் சில தயாரிப்பாளர்கள் உரசி அழித்துவிடுகிறார்கள். எண் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் நிரல் கிடைக்காது. அந்தச் சிப் செத்தால் போர்டு செத்தது. அப்போது அவர் பழைய மோட்டார்க் குவியலில் அதே மாடல் போர்டு இருக்கிறதா என்று தேடுகிறார். கிடைத்தால், செத்த போர்டிலிருக்கும் 24சி02 என்ற எட்டுக்கால் நினைவுச் சிப்பைப் பெயர்த்து அதில் வைக்கிறார். வீட்டிலுள்ளவர்களின் ரிமோட்டுகளெல்லாம் அந்தச் சின்னச் சிப்பில்தான் பதிந்திருக்கின்றன. அதை மாற்றிவிட்டால் தாத்தா கையில் இருக்கும் ரிமோட்டிலிருந்து பேத்தி பையில் இருக்கும் ரிமோட் வரை முன்போலவே வேலை செய்யும். பதிவுகள் அழியாதிருந்த என் கேட்டையும் அப்படித்தான் மீட்டார்.

மேசை இழுப்பறையில் ஒரு தடித்த நோட்டு. ஒவ்வொரு மாடலுக்கும் எந்த முனையில் எந்த வயர், எந்தப் பொத்தானை எத்தனை விநாடி அழுத்தினால் ரிமோட் பதியும் என்று பேனாவால் வரைந்து வைத்திருக்கிறார். ரோமன் எழுத்தில் தமிழும் மலாயும் கலந்த குறிப்புகள். இந்த விவரங்களைக் கம்பெனிகள் தங்கள் முகவர்களுக்கு மட்டும் தருகின்றன. பணம் கொடுத்து வாங்கிய சொந்தக்காரருக்குக் கிடைப்பது இரண்டு ரிமோட்டும் ஒரு உத்தரவாத அட்டையும். அந்த நோட்டைப் புரட்டியபோது எனக்குக் கோபம் வந்தது. ஒரு தொழிலாளி இரவில் உட்கார்ந்து தடவித் தடவிக் கண்டுபிடித்து எழுதவேண்டிய விஷயமா இது? பெட்டியோடு சேர்த்து ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்திருக்கலாமே.

அடுத்தது பல்சக்கரம். பல் உடைந்த நைலான் சக்கரம் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு என்னை ஜெலுத்தோங் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குக் கூட்டிப்போனார். பட்டறைக்காரர் எழுபதைத் தாண்டிய சீனர். இவர் அவரை 'அங்கிள்' என்கிறார். பேச்சு மலாயில், நடுநடுவே ஹொக்கியன். அங்கிளின் பட்டறை முன்பு பட்டணத்துக்குள்ளே ஒரு கடைவீட்டில் இருந்ததாம். 2000இல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியபோது ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளிலிருந்து வெளியேறிய எத்தனையோ தொழில்களில் அவருடையதும் ஒன்று. 2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தபோது அவர் ஏற்கெனவே இங்கே வந்துவிட்டார். அஞ்சடியில் கம்பி வளைத்து, இரும்பு கடைந்து வாழ்ந்தவர்கள் போன பிறகு கட்டடங்களுக்கு மரியாதை கிடைத்ததை நினைத்தால் மனம் கனக்கிறது.

அங்கிள் உடைந்த சக்கரத்தை வாங்கிப் பற்களை எண்ணினார், உடைந்தவற்றின் தடத்தையும் சேர்த்து. 40. வெளி விட்டத்தை அளந்தார். 63 மில்லிமீட்டர். பற்களோடு இரண்டைக் கூட்டினால் 42. 63ஐ 42ஆல் வகுத்தால் 1.5. மாட்யூல் தெரிந்துவிட்டது. அதற்கான வெட்டுக்கத்தியை அலமாரியிலிருந்து எடுத்தார். வெள்ளை நைலான் தடியில் துண்டு அறுத்து, கடைந்து, துளையிட்டு, மில்லிங் மெஷினில் பிரிப்புத் தலையில் பொருத்தினார். அந்தத் தலையின் கைப்பிடியை 40 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முழுச் சுற்று வரும். ஆகவே 40 பல் சக்கரத்துக்கு ஒரு பல்லுக்குச் சரியாக ஒரு சுற்று. வெட்டு, ஒரு சுற்று, மறுபடி வெட்டு. நைலான் சுருள் சுருளாகத் தரையில் உதிர்ந்தது. முழு வேலையும் ஒரு பிற்பகலுக்குள் முடிந்தது.

பித்தளையில் செய்தால் காலத்துக்கும் வருமே என்று கேட்டேன். அங்கிள் தலையை ஆட்டி மறுத்தார். அவர் சொன்னதைப் பழுதுபார்ப்பவர் எனக்கு விளக்கினார்: கேட் எதிலாவது முட்டி நிற்கும்போது ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். நைலான் பல் உடைந்தால் சில பத்து வெள்ளியோடு போகும். பித்தளை விட்டுக்கொடுக்காது, அதற்குப் பதில் மோட்டார் சுருள் எரியும், அல்லது அச்சு வளையும். முதலில் வடிவமைத்தவன் யோசித்துத்தான் நைலான் போட்டிருக்கிறான், அவன் யோசனையை நாம் கெடுக்கக் கூடாது என்றார். யாரோ முகம் தெரியாத வடிவமைப்பாளருக்கு அவர் தந்த அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதே வடிவமைப்பாளரின் கம்பெனி இவருக்கு ஒரு சக்கரம் விற்க மறுக்கிறது.

ரிமோட் கதை வேறு. லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில், ஸ்டேடியத்தை ஒட்டிய தரைக்கடைகளில், பழைய ரிமோட்டுகள் குவிந்து கிடக்கின்றன. அவர் கூட்டுக்கும் பொத்தானுக்கும் ஒரு கை அள்ளி வாங்குகிறார். பழைய வகைக்குள் எட்டு சின்ன சுவிட்சுகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை. மொத்தம் 6561 சேர்க்கைகள்தான். யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம். பக்கத்து வீட்டு ரிமோட்டுக்கு நம் கேட் திறந்த கதைகளும் உண்டு. புதிய வகையில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறியீடு மாறும். 1980களில் தென்னாப்பிரிக்காவில் உருவாகி, 1995இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் கம்பெனி வாங்கிய கீலாக் முறை இந்த வகையில் பெயர் பெற்றது. திருடனைத் தடுக்க இது நல்லதுதான். ஆனால் அதே பூட்டு, தொலைந்த ரிமோட்டுக்கு ஒரே கம்பெனியின் வாசலில் நம்மை நிறுத்திவிடுகிறது.

இந்தப் பிரச்சினை அமெரிக்காவில் நீதிமன்றம்வரை போயிருக்கிறது. அங்கே கராஜ் கதவு மோட்டார் செய்யும் சேம்பர்லெய்ன், தன் மாறுகுறியீட்டு மோட்டாரோடு வேலை செய்யும் பொது ரிமோட்டை விற்ற ஸ்கைலிங்க் மீது பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தது. 2004 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஸ்கைலிங்கின் பக்கம் தீர்ப்பளித்தது. கதவு மோட்டாரை வாங்கியவருக்கு அதற்குள் இருக்கும் நிரலைப் பயன்படுத்தும் உரிமையும் சேர்ந்தே வந்துவிடுகிறது, வேறு கம்பெனி ரிமோட்டை அவர் உபயோகிப்பதால் எந்தப் பதிப்புரிமையும் மீறப்படவில்லை என்பதுதான் அதன் சாரம்.

நம் நாட்டில் சட்டம் இல்லையென்று நினைக்கவேண்டாம். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, பொருளை விற்ற பின் நியாயமான காலம்வரை பழுதுபார்க்கும் வசதியும் உதிரிபாகமும் கிடைக்கத் தயாரிப்பாளர் தகுந்த ஏற்பாடு செய்யவேண்டும் என்கிறது. தயாரிப்பாளர் வெளிநாட்டில் இருந்து, இங்கே அலுவலகம் இல்லையென்றால் இறக்குமதி செய்தவரோ விநியோகித்தவரோ அந்தப் பொறுப்பை ஏற்கவேண்டும். உதிரிபாகத்துக்குப் பொறுப்பில்லை என்று வாங்கும்போதே நமக்குத் தெரிவித்திருந்தால் மட்டும் அவர் தப்பிக்கலாம். இந்தப் பிரிவை நான் படித்துக் காட்டியபோது பழுதுபார்ப்பவர் நோட்டை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் ஒரு வாடிக்கையாளரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லையாம்.

புது செட் மாட்டினால் ஒரே நாளில் நல்ல லாபம் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் முதலில் ரிப்பேர் முடியுமா என்றுதான் பார்க்கிறார். வெயிலில் மண்டியிட்டு, எறும்புக் கடி வாங்கி, ஒரு மணி நேரம் தேடிக் குறையைக் கண்டுபிடித்த பின், "சின்ன ரிலேதானே, எண்பது வெள்ளியா?" என்று கேட்கும் வீட்டுக்காரர்களை நான் அருகிலிருந்து பார்த்தேன். அவர்கள் கொடுப்பது ரிலேயின் விலை என்று நினைக்கிறார்கள். அந்த மனிதரின் அறிவுக்கு அது குறைந்த கூலி.

புதிதாக ஆட்டோகேட் போடப்போகும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பளபளப்பான படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். போர்டு தனியாக விற்பீர்களா, எத்தனை ஆண்டுக்கு, பல்சக்கரம் தனியாகக் கிடைக்குமா, விடுவிப்புச் சாவி இன்னொன்று உண்டா என்று கேளுங்கள். பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வயர் பொருத்தும்போது போர்டைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். உதிரிபாகம் இல்லையென்று பின்னாளில் கைவிரித்தால் ஜாலான் மஸ்ஜிட் நெகிரியில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் ஆலோசனை கேளுங்கள், அல்லது நேரே பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போங்கள். 50,000 வெள்ளிவரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. வழக்கறிஞர் வைக்கவேண்டியதில்லை. மூன்று ஆண்டுக்குள் மனு கொடுக்கவேண்டும். மனுக் கட்டணம் 5 வெள்ளி.