சுறாவின் இடப்பக்கம்

சுறாவைத் தேடி முக்குளிப்போர் பெரும்பாலும் அதன் முகத்தையே படமெடுக்க விரும்புகின்றனர். அகன்ற வாய், அடுக்கடுக்கான பற்கள், நேருக்கு நேரான வருகை: அச்சம் தரும் படத்துக்கே மதிப்பு. ஆய்வாளருக்கோ அத்தகைய படம் பெரிதும் உதவுவதில்லை. அவருக்கு வேண்டியது பக்கவாட்டுத் தோற்றம். திமிங்கலச் சுறாவின் செவுள்களுக்குப் பின்னே படர்ந்திருக்கும் வெண்புள்ளிகளின் அமைப்பு, ஒன்றுக்கு இருப்பதுபோல் மற்றொன்றுக்கு இராது. வானத்து விண்மீன் வரைபடங்களை ஒப்பிடுவதற்கென 1986இல் எட்வர்டு குரோத் வகுத்த கணக்குமுறையை, ஆர்ஸூமானியன், ஹோம்பெர்க், நார்மன் ஆகிய மூவரும் 2005இல் இப்புள்ளிகளுக்குப் பொருத்தினர். அதன் பின், நாளும் இடமும் குறித்த ஒரு சுற்றுலாப் பயணியின் படம்கூட அறிவியல் சான்றாயிற்று. ஆனால் அது பெரும்பாலும் ஒப்பீட்டுக்குக் கொள்ளப்படும் இடப்பக்கமாக இருக்க வேண்டும்.

கொச்சிக் கடற்கரையில் இதற்கு வழியில்லை. காயலும் ஆறுகளும் கொண்டுவந்து கொட்டும் வண்டலால் நீர் கலங்கியே கிடக்கிறது. தெளிந்த நீரை நாடுவோர் இங்கிருந்து கப்பலேறி இலட்சத்தீவுக்குச் செல்கின்றனர். அங்குப் பவளத் திட்டுகளின் விளிம்பில் வெண்முனைத் திட்டுச் சுறாக்களைக் காணலாம். சில மீட்டர் ஆழத்திலேயே செந்நிறம் மங்கிவிடுவதால் படமெடுப்பவர் நெருங்கியாக வேண்டும். நெருங்கினாலோ மூச்சுக் குமிழிகளின் ஓசை பல சுறாக்களை விலக்கிவிடுகிறது. அசையாது காத்திருப்பதே முறை. இரை வீசி வரவழைக்கும் குறுக்குவழியும் சில நாடுகளில் உண்டு. அவ்வாறு எடுத்த படம் இரையைப் பற்றிச் சொல்லுமேயன்றிச் சுறாவின் வாழ்வைப் பற்றி அதிகம் சொல்லாது.

மட்டாஞ்சேரியை அடுத்த தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் சுறாக்கள் வேறு வகையில் படமாகின்றன. ஆழ்கடல் சுறா வேட்டையில் பெயர்பெற்ற குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் இத்துறைமுகத்தைத் தளமாகக் கொண்டு தூண்டில் தொழில் செய்கின்றனர். அவர்கள் இறக்கும் சுறாக்களை, கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் அளந்து பதிவு செய்கின்றனர். இனம், நீளம், பால், பருவம் அனைத்தும் ஈரத் தரையிலேயே தெரிந்துவிடும். இந்தியச் சுறாக்களைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி இவ்வாறு இறங்குதளங்களில் திரட்டப்பட்டதே. ஆயினும் அங்கு எடுக்கப்படும் படம் ஒவ்வொன்றும் அச்சுறாவின் கடைசிப் படம். அது எங்கே திரிந்தது, மீண்டும் எங்கே திரும்பியிருக்கும் என்பதற்கு அதில் விடையில்லை.

உயிருள்ள சுறாவை அதிகம் காண்பவர் முக்குளிப்போர் அல்லர், மீனவரே. திமிங்கலச் சுறா 2001இல் சட்டப் பாதுகாப்புப் பெற்ற பின், குஜராத் மீனவர்கள் வலையில் சிக்கியதை வலையறுத்து விடுவிக்கத் தொடங்கினர். இழந்த வலைக்கு இழப்பீடு பெற, விடுவிப்பைத் தாமே படமெடுத்துக் காட்டும் ஏற்பாடும் பின்னர் வந்தது. கருவி நீர்புகாத எளிய கேமராதான். படகின் ஆட்டத்தில், வலை அறுக்கும் அவசரத்தில் எடுக்கப்படும் அப்படங்களில் கோணமும் வெளிச்சமும் பிசகியே இருக்கும். செவுளுக்குப் பின்னுள்ள அந்தக் கையகலப் பகுதி மட்டும் தெளிவாக விழுந்திருந்தால் போதும்.