அகப்பைக் காம்பின் நீளம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைத் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சந்திப்பது என் வேலைகளில் ஒன்று. போய்வந்த பழக்கத்தில், ஒரு பட்டறை அண்ணனிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் தொழில் கற்றுக்கொண்டேன். கொலுசு செய்வதற்காக இல்லை. எனக்கு ஒரு கரண்டி செய்ய வேண்டியிருந்தது.

என் ஆயாவுக்கு ஊர் டீக்கடையில் கொட்டாங்குச்சியில்தான் டீ. அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு 1950-இலேயே தீண்டாமையை ஒழித்துவிட்டது. ஆயா அப்படிக் குடித்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. அதே கொட்டாங்குச்சியை வெள்ளியில் செய்து அவர் கையில் கொடுக்க நினைத்தேன். கொட்டாங்குச்சியில் காம்பு செருகினால் அகப்பை. அதுதான் என் டிசைன்.

சுத்த வெள்ளி மிருதுவானது, வளைந்துவிடும். அதனால் நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி, மீதி செம்பு. மரக்கட்டையில் குடைந்த பள்ளத்தில் தகட்டை வைத்து, மரச்சுத்தியால் தட்டித் தட்டிக் குழி இறக்கினேன். தட்டத் தட்டத் தகடு விறைப்பாகும். அவ்வப்போது நெருப்பில் காட்டி இளக்காவிட்டால் விரிசல் விடும். பிறகு வெங்காரம் தடவி, பொடி வைத்து ஊதி, பின்பக்கம் ஒரு வாலைப் பற்றவைத்தேன்.

உலோகங்களிலேயே சூட்டை மிக வேகமாகக் கடத்துவது வெள்ளி. முழுக்க வெள்ளியில் செய்தால் கை சுடும். எனவே காம்பைப் பூவரசங்கட்டையில் இழைத்து, வாலைச் செருகி, ரிவிட் அடித்தேன். நெருப்பு வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் மரத்தைச் சேர்க்க வேண்டும். அது தெரியாமல் முதல் காம்பைக் கருக்கியிருந்தேன்.

ஆயா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“காம்பு ஏங்கண்ணு இவ்ளோ நீளம்?”

“பார்க்க நல்லா இருக்கும்னுதான் ஆயா.”

“பண்ணையத்துல எங்களுக்குக் கூழு ஊத்துனவங்களும் நீளக் காம்புலதான் ஊத்துனாங்க. கிட்ட வரக்கூடாதில்ல.”

சமூகவியலில் முதுகலை படித்தவன் நான். இரட்டைக் குவளையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். காம்பின் நீளத்தைப் பார்க்கத் தெரியவில்லை. நம் மக்களுக்கென்று நாம் தீட்டும் திட்டங்களிலும் இப்படி ஒரு நீளக் காம்பு இருக்கலாம். கட்டையை இழைப்பதற்கு முன்பே ஆயாவிடம் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு, முழ நீளக் காம்பை அறுத்து ஒரு சாணாக்கினேன். இப்போது அதில் பரிமாறுகிறவர், சாப்பிடுகிறவரின் அருகில் வந்து குனிந்தே ஆக வேண்டும்.