சுருங்க மறுக்கும் ஓசை

மாதிரி ரயில் அமைப்பதைப் பிள்ளை விளையாட்டு என்று எண்ணுவோர் பலர். வளர்ந்த மனிதர்கள் மேசைமீது தண்டவாளம் பதித்து, மலை எழுப்பி, சிற்றூர் ஒன்றைக் கட்டி, அதனூடே கையளவு எஞ்சினை ஓடவிட்டு மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பது வெளியே நிற்பவருக்குச் சிரிப்பைத் தரக்கூடும். இலக்கியம் வாசிப்பவர்களுக்கு இந்தப் பித்து அத்தனை அந்நியமாக இராது என்று கருதுகிறேன். உலகத்தை உள்ளபடி காட்டுவது என்றால் என்ன என்று நாவலாசிரியன் காகிதத்தில் கேட்கும் கேள்வியையே இவர்கள் பிளாஸ்டராலும் மரத்தூளாலும் பசையாலும் கேட்கிறார்கள்.

இத்துறையில் பரவலாக வழங்கும் அளவு எச்.ஓ. எனப்படுவது, உண்மைப் பொருளின் 87-இல் ஒரு பங்கு. ஒரு கிலோமீட்டர் தூரம் இதில் பதினொன்றரை மீட்டராகும். எடையோ நீளம், அகலம், உயரம் மூன்றிலும் சுருங்குவதால் 6,58,503-இல் ஒரு பங்காகிவிடுகிறது. 60 டன் எஞ்சின் கணக்குப்படி 91 கிராம். இரண்டு கோழிமுட்டைகளின் எடைக்குக்கூட எட்டாது. தண்டவாளத்தைப் பற்றி ஓடுவதற்காக உள்ளே உலோகக் கட்டிகளை வைத்து எடை கூட்டுவார்கள். ஆயினும் வளைவில் பெட்டிகள் துள்ளும் விதமே அவை பொம்மைகள் என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆக, மாதிரியில் முதலில் தொலைந்துபோவது எடை. தொலைந்த எடையை வேறு வழிகளில் மீட்டெடுப்பதையே இக்கலையின் மெய்ம்மை என்று நான் புரிந்துகொள்கிறேன்.

கண்ணின் வழியே அதை மீட்டவர்களில் தலையாயவர் ஜான் ஆலன். 1913-இல் பிறந்த அமெரிக்கர், தொழிலால் புகைப்படக்காரர். கலிஃபோர்னியாவின் மான்ட்டரே நகரில் தம் வீட்டின் கீழ்த்தளத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒரு மலை ரயில் உலகத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். ‘கோரி அண்ட் டிஃபீட்டட்’ என்று ஒலிக்கும் அதன் பெயரே ‘குருதி சிந்தித் தோற்றது’ எனப் பொருள்படும் சிலேடை. தரையிலிருந்து கூரைவரை மலைகள். இடத்தைப் பெருக்கிக் காட்டக் கண்ணாடிகள். கடையில் வாங்கிய எஞ்சின் பளபளப்போடு ஓடிய அக்காலத்தில் அவர் அதன்மீது துருவையும் புழுதியையும் கரியையும் ஏற்றினார். பலகைகள் வெளிறின, கூரைகள் உள்வாங்கின. உழைத்து, வெயில்பட்டு, தேய்ந்த பொருளாகத் தோன்றியதுமே அந்த எஞ்சின் கனக்கத் தொடங்கியது. இத்தனை மெய்ம்மைக்கு நடுவே, பெட்டிகளை இழுத்து ஒழுங்குபடுத்தும் பணியில் ஒரு டைனோசரையும் அமர்த்தியிருந்தார்! தேய்மானம் உண்மையாக இருந்தால் பார்வையாளன் டைனோசரையும் மன்னிப்பான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நான் சில ஆண்டுகளாகக் கட்டிவருவது, விழுப்புரம்–காட்பாடி மீட்டர் கேஜ் பாதையில் இருந்திருக்கக்கூடிய ஒரு கற்பனை நிலையம். ஒரு மீட்டர் அகலப் பாதை இங்கே 12 மில்லிமீட்டராகச் சுருங்கியிருக்கிறது. இவ்வேலைக்கென்று விற்கப்படும் புல்லும் மரங்களும் பெரும்பாலும் ஐரோப்பியப் பசுமையைச் சேர்ந்தவை; அந்தப் பச்சையைத் தூவினால் நம் ஊர் ஆல்ப்ஸ் மலையடிவாரமாகிவிடும். ஆகவே செம்மண்ணைச் சலித்துத் தூவினேன். காகிதத்தை நறுக்கிப் பனையோலை செய்தேன். சீமைக்கருவேலத்துக்கு வேர்த்துண்டுகள் உதவின. பின்திரையில் பாறைக்குன்றுகளைத் தீட்டுகையில், தொலைவு கூடக்கூட நிறத்தை வெளிறச் செய்து நீலச் சாம்பலில் கரைத்தேன். இடையிலுள்ள காற்றையும் தீட்டினால்தான் தொலைவு பிறக்கும்.

ஓசையின் நியாயம் வேறு. எஞ்சினைச் சுருக்கலாம், அதன் குரலைச் சுருக்க முடியாது. அடித்தொனி எழுவதற்குக் காற்றை நிறைய அசைத்தாக வேண்டும். நகத்தளவு ஒலிபெருக்கிக்கு அவ்வலிமை இல்லை. மேலும், மேசையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பவர் அந்த உலகின் கணக்கில் 87 மீட்டருக்கு அப்பால் நிற்கிறார். அத்தொலைவில் கேட்கும் அளவுக்கே ஒலி இருக்க வேண்டும். அதைவிட உரத்தால் கண் ஓரிடத்திலும் காது வேறோரிடத்திலும் நிற்க நேரும். இரண்டு சிலிண்டர் கொண்ட நீராவி எஞ்சினின் சக்கரம் ஒருமுறை சுழன்றால் புகைபோக்கி நான்கு முறை மூச்சுவிடும். மூன்றோ ஐந்தோ கேட்டால், எண்ணிப் பார்க்காதவருக்கும் எங்கோ பொய் உறுத்தும். 1990-களில் பரவிய எண்மக் கட்டுப்பாட்டு முறையும் எஞ்சினுக்குள் அடங்கும் ஒலிச்சில்லுகளும் இவற்றையெல்லாம் ஓரளவு கைவசமாக்கிவிட்டன.

மீட்டர் கேஜ் எஞ்சின்களில் ஃபயர்மேனாகப் பணியாற்றிய பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் வசிக்கிறார். எண்பதைக் கடந்தவர், ஒரு காது மந்தம். ஒரு மாலை அழைத்துவந்து உட்காரவைத்தேன். பனைமரங்களை அவர் அதிகம் பொருட்படுத்தவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “தம்பி, இது லோடு இழுக்குதா, காலி வண்டியா?” என்றார்.

நான் விளக்கம் கேட்கவும், விரலால் நாற்காலிக் கையில் தட்டிக் காட்டினார். மேட்டில் சரக்கு வண்டியை இழுக்கையில் ஒவ்வோர் அடியும் நெஞ்சில் இறங்கும். வேகம் பிடித்ததும் டிரைவர் நீராவியைக் குறைப்பார். அடி மெலிந்து நெருங்கும். ரெகுலேட்டரை மூடிவிட்டால் புகைபோக்கி ஊமையாகி, சக்கரத்தண்டுகளின் கடகடப்பு மட்டும் எஞ்சும். “எனக்கு கண்ணு நெருப்புலதான் இருக்கும். மேடு வந்துச்சா, எவ்வளவு கரி போடணும்னு காதுதான் சொல்லும்” என்றார். அவருக்கு அந்த ஓசை ஒருநாளும் பின்னணியாக இருந்ததில்லை. எடையை அளந்து சொல்லும் தராசாக இருந்திருக்கிறது.

நம் அகமரபு ஒரு நிலத்தை வகுக்கும்போது நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைக்கிறது. மரமும் பறவையும் மட்டுமன்றிப் பறையும் யாழும்கூடக் கருப்பொருளில் அடங்குகின்றன. ஓசையின்றி நிலம் நிறைவு பெறுவதில்லை. ஆயினும் இவை அனைத்தும் உரிப்பொருளுக்காகவே. என் சிறு நிலையத்துக்கு உரிப்பொருள் யாது என்று கேட்டால், உழைப்பு என்று இப்போது சொல்வேன். ஆலன் பூசிய துருவும் பெரியவர் தட்டிய தாளமும் அதையே சுட்டுகின்றன.

ஆலன் 1973 ஜனவரியில் மாரடைப்பால் காலமானார். சில நாட்களிலேயே அவ்வீட்டில் பற்றிய தீ அந்த உலகத்தின் பெரும்பகுதியை அழித்தது. அவர் எடுத்த புகைப்படங்கள் எஞ்சியதால் இன்றும் அதைக் கட்டியவிதம் பயில முடிகிறது. தமிழ்நாட்டில் நீலகிரி மலை ரயிலைத் தவிர மீட்டர் கேஜ் ஓட்டம் முடிந்துவிட்டது. அந்த எஞ்சின்களுக்கும் படங்கள் உண்டு, வரைபடங்கள் உண்டு. எந்த மேட்டில் எவ்வளவு பாரத்துக்கு அவை எப்படி மூச்சுவிட்டன என்னும் அறிவோ சில முதிய காதுகளில் மட்டுமே தங்கியிருக்கிறது. ஞாயிறுதோறும் பெரியவரோடு அமர்ந்து, நிலையத்தின் எந்த இடத்தில் ரெகுலேட்டர் மூடும், எங்கே வேக்குவம் பிரேக் சீறும், எங்கிருந்து அடி மீண்டும் கனக்கும் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவருகிறேன். இதுவரை பதினான்கு பக்கங்கள் நிறைந்திருக்கின்றன. மலைகளைத் தீட்டி முடிக்கும் வேலை காத்திருக்கலாம், இது காத்திராது.