அந்த டப்பாவைத் திறக்காதே

கொழிஞ்சாம்பாறை,
ஆடி 3.

அன்புள்ள மலருக்கு,

அத்தை எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரி அத்தை, சரி அத்தை" என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

ராத்திரி இரண்டு மணிக்கு ஹாலில் விழித்து உட்கார்ந்திருக்கிறாயாம், பாங்குக்குக் கிளம்பும்போது கை நடுங்குகிறதாம். உன் அம்மா சொன்னாள். வயிறு கலங்கிப் போச்சு. அடுத்து அவள் சொன்னதற்குத்தான் கோபம் வந்தது. அஸ்வகந்தா மாத்திரையை நீயே ஆன்லைனில் வரவழைத்திருக்கிறாய்! நம் அமுக்கராதான் அது. தினமும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுகிறவள் நீ. அமுக்கரா தைராய்டு சுரப்பைக் கூட்டிவிடக்கூடியது. அதைத் தின்று ஈரல் பாதித்தவர்களும் உண்டு. மூலிகைதானே என்றாயாம். அரளியும் மூலிகைதான் கண்ணு.

இணையத்தில் விற்ற ஆயுர்வேத மருந்துகளில் 193-ஐ வாங்கி அமெரிக்காவில் சோதித்தார்கள். 2008-ல் முடிவு வெளியானது. ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. வைத்தியத்தைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. அதனால் எழுந்து நடமாடியவள் நான்.

இதுவரை உங்கள் யாருக்கும் சொல்லாததை இப்போது சொல்கிறேன். மாமா போன பிறகு நான் கோட்டக்கல் போனேனே, முட்டிவலிக்கு என்று? முட்டியில் ஒன்றுமில்லை. மூன்று மாதமாகத் தூக்கமில்லை. மனசு சரியில்லை என்று சொல்ல வெட்கம். அந்த ஊரில் மனநோய்க்கென்றே அரசாங்கம் ஆயுர்வேத ஆஸ்பத்திரி நடத்துகிறது. அந்த போர்டைப் பார்த்த பிறகுதான் வெட்கம் கொஞ்சம் விட்டது.

நான் போன இடத்தில் வைத்தியர் நாடி பார்த்ததைவிடக் கேள்வி கேட்டதுதான் அதிகம். பசிக்கிறதா, எத்தனை மணிக்குச் சாப்பாடு, என்ன கனவு வருகிறது, யார்மேல் கோபம்? பிறகு தைலதாரை. மரப்பாத்தியில் படுக்கவைத்து, கண்ணில் எண்ணெய் இறங்காமல் நெற்றியில் துணி கட்டினார்கள். மேலே தொங்கும் சட்டியின் துளையில் ஒரு திரி. அதன் வழியே வெதுவெதுப்பான எண்ணெய் நெற்றியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகப் போய்வரும். முக்கால் மணி நேரம், பதினான்கு நாள். மூன்றாம் நாள் பொலபொலவென்று அழுதுவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண் ஏன் என்று கேட்கவில்லை. எண்ணெயையும் நிறுத்தவில்லை.

எண்ணெய்தான் குணமாக்கியது என்று சத்தியம் பண்ண மாட்டேன். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, இன்றைக்கு என்ன குழம்பு என்று யாரும் என்னைக் கேட்காத பதினான்கு நாள் அது. முடிந்ததும் அதே அளவு நாள் பத்தியத்தோடு சும்மா இருக்க வேண்டும். மலையாளத்தில் நல்லரிக்க என்பார்கள். பகல் தூக்கம் கூடாது, டிவி கூடாது, இருட்டுமுன் கஞ்சி. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

கிளம்பும்போது வைத்தியர், அந்தக் காலத்து ஆயுர்வேத ஆசான் சரகரைப் பற்றிச் சொன்னார். அவர் சொன்ன சிகிச்சை மூன்று வகையாம்: தெய்வத்தை நம்பிச் செய்வது, மருந்தும் உணவும் கொண்டு செய்வது, மூன்றாவது சத்வாவஜயம். மனசைக் கெடுக்கிற விஷயத்திலிருந்து அதைத் திருப்பிக் கொண்டுவருவது. அது எந்தக் கடையிலும் கிடைக்காது. உனக்கு அந்த விஷயம் எது என்று எனக்குத் தெரியும். ராத்திரி பதினொன்றுக்கும் டிங் டிங்கென்று அடிக்கிற ஆபீஸ் வாட்ஸப் குரூப். அதை எட்டு மணிக்கு மூடு. மேனேஜர் முறைத்தால் முறைக்கட்டும்.

முதலில் ரத்தம் கொடுத்து தைராய்டு பார். மாத்திரை அளவு கூடிப்போனாலும் கை நடுங்கும், தூக்கம் போகும். அது சரியாக இருந்தால் மனநல டாக்டரிடம் போ. அவர் மாத்திரை கொடுத்தால் போடு, நீயாக நிறுத்தாதே. மற்றதெல்லாம் கூடச் செய்வதுதான். படுக்குமுன் உள்ளங்காலில் நல்லெண்ணெய் தேய். பாட்டி தேய்த்தபோது கூச்சத்தில் நீ உதைத்து அவள் மூக்குக்கண்ணாடி உடைந்ததே, அதே வைத்தியம்தான். தூக்கத்துக்கு எருமைப்பால் போல வேறில்லை என்பதும் சரகர் சொன்னதுதான். உன் ஃபிளாட்டில் பாக்கெட் பால்தான் கிடைக்கும். இங்கே நம் எருமை கன்று போட்டிருக்கிறது.

லீவு போட்டுவிட்டு வா. இந்தப் பக்கம் இது கர்க்கடக மாதம், சிகிச்சைக்கு உகந்த காலம். நல்ல வைத்தியரிடம் நானே கூட்டிப்போகிறேன். அதற்கு முன்னால், வாழ்ந்து என்ன என்று ஒரு தடவை தோன்றினாலும் உடனே கூப்பிடு. எந்த நேரமானாலும் சரி. அம்மாவிடம் சொல்ல முடியாதென்றால் என்னிடம் சொல்லலாம். நானும் அங்கே போய்விட்டு வந்தவள்தான்.

டப்பா உடைக்காமல் இருந்தால் திருப்பி அனுப்பு, பணமாவது வரும். உடைத்திருந்தால் பதில் எழுது. திட்டுவதற்கு இன்னும் இரண்டு பக்கம் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அத்தை