கானாவும் கானாவும்

பல்கலைக்கழகத்தில் விருப்பப் பாடமாக இந்தி எடுத்திருக்கிறேன் என்றதும் நண்பர்கள் கேட்ட முதல் கேள்வி, "டெல்லிக்குப் போகப் போறியாடா?" இல்லைங்க. எங்கள் விடுதி மெஸ்ஸில் சப்பாத்தி போடும் அண்ணன் பீகார்க்காரர். இரண்டு வருஷமாகத் தினமும் பார்த்துச் சிரித்துக்கொள்வோம், பேசியதே இல்லை. அதுதான் காரணம்.

தாத்தாவிடம் சொல்லத்தான் பயம். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கல்லூரி மாணவராக ஊர்வலம் போனவர். "யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப ஒழுங்காப் படி" என்று பேப்பரை விரித்துக்கொண்டார்.

வகுப்பில் முதல் அடி எழுத்தில். நமக்கு ஒரே ஒரு 'க' போதும். அங்கே நான்கு! சாப்பாடும் கானா, பாட்டும் கானா. தமிழில் எழுதினால் வித்தியாசமே தெரியாது, அவர்களுக்கோ அது வேறு, இது வேறு. மெஸ்ஸில் போய் "கானா ரொம்ப நல்லா இருக்கு" என்று இந்தியில் பெருமையாகச் சொன்னேன். அண்ணன் சந்தோஷமாக, செல்போனில் ஓடிய பாட்டின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்...

அடுத்த அடி ஆண்பால், பெண்பால். கதவு ஆண், ஜன்னல் பெண். 'ஈ'யில் முடிந்தால் பெண்பால் என்று மனப்பாடம் செய்தால், தண்ணீரும் (பானீ) தயிரும் (தஹீ) ஆண்பாலாம். "நான் ரொட்டி சாப்பிட்டேன்" என்றால் வினைச்சொல் என்னைக் கண்டுகொள்ளாது. ரொட்டியைப் பார்த்துப் பெண்பாலாகிவிடும்!

இணையத்தில் நான் பார்த்த பாடங்கள் எல்லாம் ஆங்கிலம் வழியாகத்தான். ஒருநாள் ஆங்கிலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தமிழோடு வைத்துப் பார்த்தேன். "முஜே பூக் லகீ ஹை." நம் "எனக்குப் பசிக்கிறது" மாதிரியேதான். அங்கேயும் 'நான்' இல்லை, 'எனக்கு'தான். வினைச்சொல்லும் கடைசியில். இத்தனை நாள் மூக்கைச் சுற்றித் தொட்டிருக்கிறேன்.

போன மாதம் அண்ணனுக்குக் காய்ச்சல். துணைக்குப் போனேன். டாக்டர் "எப்ப இருந்து?" என்றார். நான் கேட்டுச் சொல்ல, அண்ணன் "பர்ஸோ" என்று முனகினார். நான் இணையப் பாடத்தில் படித்த அர்த்தம் 'நாளை மறுநாள்'. எனக்கு வியர்த்துவிட்டது. எத்தனை நாள் காய்ச்சல் என்பதை வைத்துத்தானே என்ன டெஸ்ட் எடுப்பது என்று முடிவு செய்வார்கள்? மறுபடி கேட்டேன். "பர்ஸோ புகார் ஆயா தா" என்று முழுசாகச் சொன்னார். கடைசியில் 'தா' வந்துவிட்டது, இறந்தகாலம். அதே சொல்தான் முந்தாநாளுக்கும்! "முந்தாநாள் வந்துச்சாம் டாக்டர்" என்றேன்.

தேர்வில் 58 மார்க்தான். அண்ணன் இப்போது நலம். என்னிடம் தமிழ் கற்றுக்கொள்கிறார். நேற்று "வாலப்பலம் சாப்டு தம்பி" என்றார். சிரிக்கவில்லை. நான் இன்னும் நாலு 'க'வையும் தாண்டவில்லையே!